கதவுக்கு வெளியே வைத்தது

பாகலூர் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த அந்த மூன்று மாடிக் குடியிருப்பில் கரையான் புகுந்துவிட்டது தெரியவந்தது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு ஜூன் மாதத்தில். மாடிப்படிக்குக் கீழே, மின்சார மீட்டர்களை ஒட்டி, எல்லா வீட்டாரும் என்றைக்காவது எடைக்குப் போடலாம் என்று பழைய செய்தித்தாள்களை அடுக்கி வைத்திருந்தார்கள். சங்கச் செயலாளர் நல்லுசாமி ஒரு கட்டைப் பிடித்து இழுத்தபோது கயிறு மட்டும் கையோடு வந்தது. கட்டுக்குள் காகிதம் இல்லை. காகிதம் இருந்த வடிவத்திலேயே செம்மண் இருந்தது.

அன்று மாலை வண்டி நிறுத்துமிடத்தில் கூட்டம் கூடியது. ஓசூர்க் குடியிருப்புகளில் கூட்டம் என்றால் மூன்று மொழிகள் ஒரே நேரத்தில் பேசும். அன்று மூன்றிலும் கரையான்தான்.

"எங்க வீட்ல யாரும் இவ்ளோ படிக்கலைங்க. கரையான்தான் படிச்சு முடிச்சிருக்குது" என்றாள் முதல் மாடி ராஜலட்சுமி.

"உங்க வீட்டுக்காரர் சேத்து வெச்சிருக்கிற ஹால் டிக்கெட்டையெல்லாம் போட்டாலே லாரி நிரம்பிடுமே" என்றார் நல்லுசாமி.

"உங்க ஷேர் அப்ளிகேஷனுக்கு இன்னொரு லாரி சொல்லணும் சார்."

சிரிப்பு அடங்கியதும், எல்லா வீட்டுப் பழைய காகிதத்தையும் வெளியேற்றும் வேலையை யார் எடுத்துச் செய்வது என்ற கேள்வி வந்தது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து சூசைமேரி, "நான் செய்யுதேன்" என்றாள்.

யாரும் எதிர்பார்க்கவில்லை. ஜனவரிக்குப் பிறகு இரண்டாம் மாடிச் சூசைமேரி மாதா கோவிலுக்குப் போவதைத் தவிர வேறு எதற்கும் படியிறங்கியதில்லை. ஜனவரியில்தான் அவளுடைய ஒரே மகள் ரெனிட்டா காய்ச்சலில் படுத்தவள் எழாமலே போனாள். பிப்ரவரி முதல் வாரத்தில், தவக்காலம் தொடங்கும் முன், அவளுக்குத் திருமணம் நடந்திருக்க வேண்டும். கல்லாவியிலிருந்து எட்சன் என்ற பையன். கோவிலில் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பங்குச் சாமியார் பீடத்தருகே நின்று மும்முறை அறிவிக்க வேண்டிய ஓலை அது. மூன்றாவது ஞாயிறன்று அதே பீடத்தருகே ரெனிட்டாவின் ஆன்மா இளைப்பாற மன்றாட்டுச் சொன்னார்கள்.

அதனால் சூசைமேரி எழுந்து நின்றபோது கூட்டம் முழுவதும் ஒரு நன்றியோடு தலையாட்டியது. வேலையில் இறங்கினால் கொஞ்சம் மறப்பாள் என்று நினைத்தார்கள். சூசைமேரியும் அதை மறுக்கவில்லை.

*

காகிதம் சேகரிக்கக் குறித்த முதல் ஞாயிறு ஏமாற்றமாகவே முடிந்தது. சூசைமேரி வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினாள். தினத்தாள்களை எல்லோரும் கொடுத்தார்கள். ஆனால் அலமாரிக்குள்ளும் பரண் மேலும் அடைந்து கிடந்த காகிதத்தை ஒருவரும் வெளியே எடுக்கவில்லை. ராஜலட்சுமி ஒரு பையைக் கொண்டுவந்து நீட்டினாள். மேலாக இருந்த தாளில் அவள் கணவனுக்கு ஒரு கம்பெனி அனுப்பிய 'வருந்துகிறோம்' என்ற வரி சூசைமேரியின் கண்ணில் பட்டுவிட்டது. அது பட்டதை ராஜலட்சுமி பார்த்துவிட்டாள். பை திரும்ப உள்ளே போய்விட்டது.

சூசைமேரி அன்று ஒன்றைப் புரிந்துகொண்டாள். காகிதத்தை விட்டுவிட மனமில்லாமல் இவர்கள் சேர்த்து வைக்கவில்லை. தூக்கிப் போடும்போது இன்னொருவர் பார்த்துவிடுவாரே என்ற கூச்சம்தான் இவர்களைத் தடுக்கிறது. அந்தக் கூச்சத்துக்கு ஏற்றபடி அவள் ஒரு விதி வகுத்தாள். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலையில் கதவுக்கு வெளியே வைத்தது எல்லாம் கொடுத்ததாக அர்த்தம். யாரும் கதவைத் தட்டக் கூடாது. இது என்ன என்று கேட்கக் கூடாது. ஒரு வரியும் படிக்கக் கூடாது.

"படிக்காம எப்படிங்க தரம் பிரிக்கிறது? நோட்டு, பேப்பர், அட்டைன்னு பிரிக்கையில கண்ணுல படாதா?" என்று நல்லுசாமி கேட்டார்.

"வீரலட்சுமி பிரிக்கட்டும்" என்றாள் சூசைமேரி.

வீரலட்சுமி எதிர்வீட்டுக்காரி. தெலுங்கு அவள் வீட்டுப் பேச்சு; கன்னடத்தில் எட்டாவது வரை படித்தவள். தமிழை ஊற்றுப் போலப் பேசுவாளே தவிர, தமிழில் ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. பேருந்துப் பலகையைக்கூட யாரிடமாவது கேட்டுத்தான் ஏறுவாள்.

"ஏமக்கா, படிக்காதவளுக்குன்னு ஒரு உத்தியோகம் இந்த ஊர்ல இருக்குதுன்னு எனக்கு இத்தனை நாள் தெரியாமப் போச்சே!" என்று அவள் இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "எல்லாரும் தைரியமாப் போடுங்கம்மா. உங்க லவ் லெட்டர் எனக்குக் கோழி கிளறின மண்ணு மாதிரி."

அடுத்த மாதம் கதவுகளுக்கு வெளியே பைகள் குவிந்தன. ராஜலட்சுமியின் பையும் அவற்றில் இருந்தது. பழைய பேப்பர் கடைப் பையன் மாடி மாடியாக ஏறி காகிதத்தை மட்டும் திரட்டிப் படியடியில் ஒன்றாகக் கொட்டினான்; எது யார் வீட்டுடையது என்று பிரிக்கும் வீரலட்சுமிக்கும் தெரியாது.

கல்யாணப் பத்திரிகைகளும் காலண்டர்களும்தான் கடைசிவரை மசியவில்லை. அவற்றில் சாமி படம் இருக்கும். குப்பையில் போட்டால் கால் படும், எடைக்குப் போட்டால் யாரோ அதில் போண்டா மடிப்பார்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பயம். சூசைமேரி மாடிப்படியருகே ஒரு நீல டிரம்மை வைத்து நீர் நிரப்பினாள். பிள்ளையாரையே ஆற்றில் கரைக்கிறோம், படத்தைத் தண்ணீரில் கரைத்தால் பாவமா என்று கேட்டாள். படம் இருக்கும் பகுதியை வெட்டி டிரம்மில் போட்டால் அது ஊறிக் கூழாகும். கூழை வாசலிலுள்ள ரோஜாத் தொட்டிகளுக்கு மண்ணோடு கலந்துவிடலாம். இதற்கு எல்லா மதத்தாரும் ஒப்புக்கொண்டார்கள்.

படம் போக மிஞ்சிய கெட்டி அட்டைக்கும் அவள் ஒரு வழி கண்டாள். ஆழ்துளைக் கிணறு கையை விரித்த குடியிருப்பு அது. டேங்கர் வரும் நாளில் ஒவ்வொரு வீட்டுக்கும் குடத்துக்கு ஒன்று என்று டோக்கன் உண்டு. நல்லுசாமி புதுத் தாளை வாங்கிக் கிழித்துக் கிழித்துத் தருவார். அது நனைந்து ஒரே வாரத்தில் நைந்துவிடும். பத்திரிகை அட்டையின் எழுதாத பின்பக்கத்தில் சங்க முத்திரை குத்தி, நான்காக வெட்டினால் மாதக்கணக்கில் உழைக்கும் என்றாள் சூசைமேரி. முத்திரை குத்தி வெட்டும் வேலையையும் வீரலட்சுமி ஏற்றுக்கொண்டாள். அதன்பின் டேங்கர் வரிசையில் நிற்பவர்களின் கைகளில் யார் யாருடைய திருமணமோ துண்டு துண்டாக இருந்தது. யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. முத்திரைப் பக்கம் தெரிந்தால் போதும், குடம் நிறையும்.

குடியிருப்பு மெல்ல மெல்ல இலேசானது. மற்றவர் வீட்டுப் பரண்களெல்லாம் காலியாக, சூசைமேரியின் வீட்டுப் பரணில் மட்டும் பழுப்புத்தாள் சுற்றிய ஒரு கட்டு அசையாமல் இருந்தது.

ரெனிட்டாவின் திருமண அழைப்பிதழ்கள். ஊத்தங்கரை அச்சகத்திலிருந்து இரண்டாம் ஓலை வாசித்த மறுநாள் வந்தவை. முதல் அட்டையைப் பங்குச் சாமியாரிடம் கொடுத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று பிரிக்காமலே வைத்திருந்தார்கள். அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. ஒரே ஓர் அட்டைகூட எந்த வீட்டுக்கும் போகவில்லை. கணவன் ஜான்பீட்டர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போன பிறகு, சூசைமேரி சில பகல்களில் ஸ்டூல் போட்டு ஏறி அந்தக் கட்டை இறக்குவாள். மேலாக உள்ள அட்டையை மட்டும் எடுப்பாள். திருக்குடும்பப் படத்துக்குக் கீழே சிவப்பு எழுத்தில், 'திருவளர்செல்வி ரெனிட்டா' என்று இருக்கும். குடியிருப்பு முழுவதும் பாப்பா என்றே அழைத்த பெண்ணுக்கு, கம்பெனி அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் ஒரு பெயர், கல்லறைப் பலகையில் சிலுவைக்கும் இரண்டு தேதிகளுக்கும் நடுவே ஒரு பெயர். மணப்பெண்ணாக அவள் பெயர் இருந்தது இந்த அட்டையில் மட்டும்தான். ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அதே முடிச்சைப் போட்டு மேலே வைத்துவிடுவாள்.

ஊரெல்லாம் காகிதத்தை விடச் சொல்லும் அவள், தான் எதை விடவில்லை என்பதை ஜான்பீட்டரைத் தவிர யாரும் அறியாமல் பார்த்துக்கொண்டாள்.

*

டிசம்பர் தொடக்கத்தில் கல்லாவியிலிருந்து தொலைபேசி வந்தது. எட்சனின் அம்மா. எட்சனுக்கு வேறிடத்தில் பெண் பார்த்தாகிவிட்டது. திங்கட்கிழமை நிச்சயம். "நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லாம இந்தக் காரியம் எனக்கு நிறைவா இருக்காதுங்க. அந்தப் புள்ளையோட அம்மா மனசு நோக நாங்க ஒரு நல்லதைச் செய்ய மாட்டோம்" என்று சொல்லிவிட்டு அவர் அழுதார்.

ஜான்பீட்டர் வர மறுத்துவிட்டார். "உன்னால முடியும். நீ போ. எனக்கு அந்த வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்ட முடியாது மேரி."

சூசைமேரி சனிக்கிழமை காலை தனியாகவே பேருந்து ஏறினாள். நிச்சயத்தன்று அந்தப் புதுப் பெண்ணின் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசி கூறினாள். எட்சன் அவள் காலில் விழுந்து எழுந்தபோது அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை; அவளும் அவன் தோளைத் தட்டிக்கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டாள். புறப்படும்போது எட்சனின் அம்மா தயங்கித் தயங்கி ஓர் அட்டையை நீட்டினார். அச்சடித்து அன்றுதான் வந்திருந்தது. அதே அச்சகம், அதே திருக்குடும்பம், அதே சிவப்பு எழுத்து. எட்சன் பெயர் இருந்த இடத்தில் எட்சன் பெயர் இருந்தது. அதற்குக் கீழே வேறொரு திருவளர்செல்வி.

ஓசூர் வந்து சேரும்வரை பேருந்தில் அவளுக்கு ஒரே ஓர் எண்ணம். வீட்டுக்குப் போனதும் பரணிலிருந்து கட்டை இறக்க வேண்டும். அந்த அட்டையையும் ஒருமுறை பார்க்க வேண்டும். பார்த்தால்தான் அந்தப் பெயரும் ஒரு காலத்தில் அங்கே இருந்தது என்று நெஞ்சு நம்பும்.

செவ்வாய் பிற்பகல் வீட்டுக்குள் நுழைந்தபோது மருந்து வாடை மூக்கைத் துளைத்தது. அவள் ஊரில் இல்லாத சனிக்கிழமைதான் சங்கம் ஏற்பாடு செய்த கரையான் மருந்துக்காரன் இரண்டாம் மாடிக்கு வந்திருந்தான். பரண் துடைத்து விட்டதுபோல் இருந்தது. அதன் மேல் சூட்கேஸ் இருந்தது, பழைய மின்விசிறி இருந்தது, கிறிஸ்துமஸ் குடிலுக்கான பெட்டி இருந்தது.

காலை ஷிப்டு முடிந்து வந்த ஜான்பீட்டர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இங்க பாருங்க, அந்தக் கட்டை எங்க வச்சீங்க?"

"எந்தக் கட்டு?"

"பாப்பா கட்டு."

"மேலதான். எல்லாத்தையும் மேலேயே ஏத்திட்டேம்லா."

"இல்ல."

அவர் உள்ளே வந்து நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"மருந்தடிக்கும்போது எல்லாத்தையும் வெளியே எடுக்கச் சொன்னான். ராத்திரி பூரா வராண்டாவுலதான் கெடந்துது. வாடை போகட்டும்னு. காலைல நான் முதல் பூசைக்குப் போயிட்டேன். வந்துதான் ஏத்துனேன்." அவர் குரல் இறங்கியது. "ஞாயித்துக்கிழமை. ரெண்டாவது ஞாயிறு... நான் யோசிக்கவே இல்ல, மேரி."

சூசைமேரி திரும்பினாள். வாசற்கதவைப் பார்த்தாள். கதவுக்கு வெளியே வைத்தது கொடுத்ததாக அர்த்தம். தட்டக் கூடாது, கேட்கக் கூடாது.

ஜான்பீட்டர் சட்டையைக்கூட மாற்றாமல் மொபெட்டை எடுத்துக்கொண்டு முனிராஜின் பழைய பேப்பர் கடைக்கு ஓடினார். திரும்பி வந்தவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கடையையே கவுத்துப் பாத்துட்டேன். 'ஏன் சார், கார்டெல்லாம் எனக்கு எங்க வருது? மேடம்தானே டோக்கனுக்குன்னு நிறுத்திக்கறாங்க'ன்னு கேக்கான்."

*

வீரலட்சுமி வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து கட்டைவிரலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தாள். சூசைமேரியைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"வந்துட்டியாக்கா! போன எடத்துல நல்லபடியா முடிஞ்சுதா? உக்காரு, உக்காரு. நீ வர்றதுக்குள்ள முடிச்சிடணும்னுதான் ரெண்டு நாளா வேற சோலியே பாக்கல." அலமாரி மேலிருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். "பாரு. பழைய டோக்கன் எல்லாம் நைஞ்சு போச்சுன்னு நீ சொல்லிட்டே இருந்தியே. கோடை வரைக்கும் இனி கவலை இல்ல. நல்ல கெட்டி அட்டைக்கா, ஒரு பெரிய கட்டு, புத்தம் புதுசு, பிரிக்கவே இல்ல. யாரோ சர்ச்சுக்காரங்க அடிச்சு மிஞ்சினதாட்டம் இருக்குது. உங்க யேசப்பா, அம்மா, அப்பா மூணு பேரும் இருந்தாங்க. அவங்களை மட்டும் கத்திரிச்சு, கால் படாம, நம்ம டிரம்ல போட்டுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணுகூட வேஸ்ட் பண்ணல. இன்னிக்கு டேங்கர் வந்தப்பவே, அடுத்த தடவைக்குன்னு எல்லா வீட்டுக்கும் குடுத்தாச்சு. பழசைத் திருப்பி வாங்கி ஊறப்போட்டாச்சு. இது மிச்சம்." அவள் வீங்கிய விரலை உயர்த்திக் காட்டிச் சிரித்தாள். "விரலுதான் கோவிச்சுக்கிச்சு."

சூசைமேரி டப்பாவுக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்தாள். '...ஆலயத்தில் நடைபெறும்.' இன்னொன்று. 'திருவளர்செ'. அதற்கு மேல் கத்திரி போயிருந்தது. அவள் உதடு பிரிந்தது. சொல்ல வேண்டிய சொல் நாக்கின் நுனியில் வந்து நின்றது. வீரலட்சுமிதான் அந்தக் கணத்தில் பேசினாள்.

"வெட்டும்போதெல்லாம் பாப்பா நெனப்புதான்க்கா. அவ இருந்திருந்தா ரெண்டு மணி நேரத்துல மெஷினாட்டம் முடிச்சிருப்பா. என்னை ஓரமா உக்கார வெச்சு, 'ஆன்ட்டி, நீங்க கதை மட்டும் சொல்லுங்க'ம்பா."

ஜனவரியில் ரெனிட்டாவைக் கடைசியாகக் குளிப்பாட்டியவை இந்தக் கைகள்தான். அன்று சூசைமேரியால் எழுந்து நிற்கவே முடியவில்லை. வீரலட்சுமிதான் தலை துவட்டி, கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைப் புடவையைக் கட்டிவிட்டு, பின்னலில் பூ வைத்து, அதன்பிறகே அழுதாள். அந்தக் கைகளிடம், நீ வெட்டியது இவளைத்தான் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் இந்தப் பெண் தன் விரலை அல்ல, கையையே வெறுத்துவிடுவாள். படிக்கத் தெரியாதவளை அந்த வேலைக்கு வைத்தது யார்? கேட்காதே என்று கற்றுக்கொடுத்தது யார்?

"கைக்கு எண்ணெய் போட்டுக்கோ, வீரா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

படியிறங்கி நீல டிரம்மின் மூடியைத் திறந்தாள். மேலே நீர் தெளிந்திருந்தது. முழங்கைவரை கையை விட்டாள். குளிர் எலும்பில் ஏறியது. அடியில் மெத்தென்ற கூழ் விரல்களுக்கு இடையே நழுவியது. அள்ளி வெளியே எடுத்தபோது, சாம்பல் நிறக் கூழில் எங்கெங்கோ கொஞ்சம் நீலம், கொஞ்சம் பொன்னிறம். நீலம் மாதாவின் போர்வையாக இருக்கலாம். வேறு யார் வீட்டுக் கிருஷ்ணனாகவும் இருக்கலாம். அவள் அதைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டாள்.

வீட்டில் ஜான்பீட்டர் அதே இடத்தில் நின்றிருந்தார். விவரம் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"நான் போறேன். ஒவ்வொரு வீடாக் கேட்டு வாங்கிட்டு வாரேன்."

"என்னன்னு கேப்பீங்க?"

"எம்மவ கல்யாணப் பத்திரிகை, திருப்பித் தாங்கன்னு கேப்பேன்."

"தருவாங்க. ஒருத்தர் விடாம அழுதுட்டே கொண்டாந்து தருவாங்க. வீரா அதோட செத்துருவா." அவள் கல்லாவியிலிருந்து கொண்டுவந்த அட்டையைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். "உக்காருங்க. எந்தெந்த வீட்டுக்குக் குடுக்கணும்னு நாம ரெண்டு பேரும் உக்காந்து பேசினமோ, அந்த வீட்டுக்கெல்லாம் போயிட்டுதே. இனி எதுக்குத் திருப்பி வாங்கணும்?"

ஜான்பீட்டர் சுவரில் சாய்ந்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்தார். ஜனவரியில் அழாத மனிதர். துணி அடைத்த வாயிலிருந்து வருவதுபோல் ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. சூசைமேரி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கதவு திறந்திருந்தது. எதிர்வீட்டுக்குக் கேட்டுவிடும் என்று அவளே எழுந்து போய்ச் சாத்தினாள்.

*

அடுத்த டேங்கர் வந்த காலையில் பனி இன்னும் விலகவில்லை. ஓசூர் டிசம்பர், பெண்கள் தலையில் மப்ளரோடும் கையில் குடத்தோடும் வரிசையில் நின்றார்கள். டோக்கன் வாங்கும் முறை சூசைமேரியுடையது. வேறு யாரையாவது நிறுத்தலாம் என்று ஜான்பீட்டர் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு குழாயருகே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

ஒவ்வொரு கையும் நீண்டது. ஒவ்வொன்றையும் வாங்கி டப்பாவில் போட்டாள். முத்திரைப் பக்கத்தைப் பார்த்தால் போதும். ஆனால் கண் நில்லாமல் மறுபக்கத்துக்கே போயிற்று. 'அன்புடையீர்.' 'மணமக்களை வாழ்த்த.' ராஜலட்சுமி கொடுத்ததில் 'ஜான்பீட்டர்' இருந்தது. அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "என்னக்கா, கண்ணு இப்படிச் செவந்திருக்குது? அந்தக் கரையான் மருந்து ஒத்துக்கலையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நல்லுசாமி மட்டும் தன் டோக்கனை உள்ளங்கைக்குள் மூடியபடி கொண்டுவந்தார். அச்சுப் பக்கம் கீழே இருக்குமாறு டப்பாவில் மெல்ல வைத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குடத்தை நிரப்பாமலே திரும்பிப் போனார். அவர் மறந்து போகிறார் என்று நினைத்துப் பின்னால் நின்றவர்கள் கூப்பிட்டார்கள். அவர் காதில் அது விழவில்லை.

கடைசியாக வீரலட்சுமி வந்தாள். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தாள். நீட்டிய டோக்கனைச் சூசைமேரி வாங்கினாள்.

விரல் வலியில் கத்திரி கோணலாகப் போயிருக்க வேண்டும். மற்றவற்றைவிட அது கொஞ்சம் அகலமாக இருந்தது. சிவப்பு எழுத்துகள் முழுதாக இருந்தன. திருவளர்செல்வி ரெனிட்டா. ஒரு புள்ளிகூடச் சேதமில்லை.

சூசைமேரியின் கை அப்படியே நின்றது.

"என்னக்கா அது, அதை மட்டும் அப்படிப் பாக்குற? முத்திரை சரியா விழலையா?"

"இல்ல. விழுந்திருக்கு."

வீரலட்சுமி குனிந்து பார்த்தாள். "இந்த எழுத்து நல்லா அழகா இருக்குதே, செவப்புல. என்னக்கா எழுதியிருக்குது? படிக்கக் கூடாதுதான். நீ சொன்ன சட்டம்தான். ஆனா துண்டானதுக்கப்புறம் என்ன, சொல்லு."

டேங்கர்க் குழாயிலிருந்து கடைசி நீர் குடத்தில் விழுந்துகொண்டிருந்தது. டிரைவர் இஞ்சினைக் கிளப்பினான்.

"கல்யாணப் பொண்ணு பேரு" என்றாள் சூசைமேரி.

"யாரு? நமக்குத் தெரிஞ்சவளா?"

சூசைமேரி டோக்கனைத் திருப்பினாள். முத்திரைப் பக்கம் மேலே வந்தது.

"தெரியல, வீரா. யாரோ."

வீரலட்சுமி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்து, நீர் தளும்பாமல் ஒரு கையால் அணைத்துக்கொண்டாள். "யாராயிருந்தா என்ன. எந்த ஊர்ல வாழுறாளோ, நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

சூசைமேரி டோக்கனை டப்பாவுக்குள் மற்றவற்றோடு போட்டாள். கலந்துவிடாமல் இருக்க ஒரு கணம் அதன் மேல் விரலை வைத்திருந்தாள். பிறகு விரலை எடுத்துவிட்டு, டப்பாவை ஒருமுறை குலுக்கி மூடினாள். வியாழக்கிழமை டேங்கருக்கு மறுபடியும் அவற்றை எல்லா வீட்டுக்கும் கொடுக்க வேண்டும்.